போனுக்கு பில்ட் செய்யும்போது எங்கே உடைகிறது? ஆண்ட்ராய்டு என்.டி.கே. பிழைகள், அறிகுறி வாரியாக

ஆண்ட்ராய்டு போனில் ஓட வேண்டிய சி, சி++ லைப்ரரிகளைக் கணினியில் கம்பைல் செய்து கொடுப்பது என் பிழைப்பில் பாதி. அதற்குக் கூகுள் தரும் கருவித் தொகுப்பின் பெயர்தான் என்.டி.கே. எஃப்எஃப்எம்பெக் (வீடியோ, ஆடியோ), ஃப்ரீடைப் (எழுத்தை வரைவது), ஹார்ஃப்பஸ் (எழுத்துகளை அடுக்குவது), ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்கம்) என்று லைப்ரரி மாறி மாறி வரும். பிழைகள் மட்டும் மாறுவதே இல்லை. அதே பத்துப் பன்னிரண்டு பேர்தான் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். அவர்களைப் பற்றி நோட்டில் கிறுக்கி வைத்திருந்ததை ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.

முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. உங்கள் திரையில் தெரிவது எந்தத் தலைப்போ நேராக அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடத்தில் முடிகிற சோதனை முதலில் இருக்கும், நேரமோ பணமோ கேட்கிற வேலை கடைசியில் இருக்கும்.

## எந்தப் பிழையானாலும் முதலில் ஒரு துண்டுச் சீட்டு

மூன்று விவரங்களை எழுதிப் பக்கத்தில் வையுங்கள்: என்.டி.கே.யின் பதிப்பு எண், எந்தச் சிப் வகைக்கு பில்ட், எந்த ஆண்ட்ராய்டு லெவலுக்கு பில்ட். கடைசி இரண்டுக்கும் ஆங்கிலத்தில் இருக்கும் சுருக்கெழுத்தைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'ஏ.பி.ஐ.' என்றுதான் வரும். போனில் பேசி உதவி கேட்கும்போது இந்தக் குழப்பத்திலேயே கால் மணி நேரம் போயிருக்கிறது. அதனால் இங்கே 'சிப் வகை', 'லெவல்' என்றே சொல்கிறேன். சிப் வகை என்றால் ஆர்ம் 64, ஆர்ம் வி7ஏ, எக்ஸ்86, எக்ஸ்86-64 ஆகிய நான்கில் ஒன்று. லெவல் என்றால் 21, 24, 28 போன்ற எண். 21 என்பது ஆண்ட்ராய்டு 5.0, 24 என்பது 7.0, 28 என்பது 9.

அடுத்து, கையில் இருக்கும் எந்த லைப்ரரியையும் 'நீ யாருக்குப் பிறந்தவன்' என்று கேட்டுவிடுங்கள். டெர்மினலில் ஃபைல் என்ற கட்டளையைப் போட்டு, பக்கத்தில் லைப்ரரியின் பெயரைக் கொடுத்தால் போதும். ஆர்ம் ஏஆர்ச்64 என்று வந்தால் போனுடையது. எக்ஸ்86-64 என்று வந்தால் உங்கள் கணினியுடையதாக இருக்கலாம், எமுலேட்டருடையதாகவும் (கணினிக்குள் ஓடும் போலிப் போன்) இருக்கலாம். ஸ்டாட்டிக் லைப்ரரி (நிரலுக்குள்ளேயே சேர்ந்துவிடும் வகை) என்றால் ஃபைல் கட்டளை சும்மா 'ஆர்க்கைவ்' என்று சொல்லிவிட்டு நழுவிவிடும். அதற்கு என்.டி.கே.யில் இருக்கும் எல்எல்விஎம் ரீட்எல்ஃப்பை மைனஸ் எச் போட்டு ஓட்டி, 'மெஷின்' என்ற வரியைப் பாருங்கள். கீழே வரும் தொல்லைகளில் பெரும்பங்கு, கணினிக்கான சரக்கு போனுக்கான சரக்கோடு கலந்ததால் வந்தவை.

## அறிகுறி: கன்ஃபிகர் முதல் நிமிடத்திலேயே நிற்கிறது

கன்ஃபிகர் என்பது கம்பைலுக்கு முன்னால் கருவிகளையும் லைப்ரரிகளையும் சோதிக்கும் ஸ்கிரிப்ட். 'சி கம்பைலர் கெனாட் கிரியேட் எக்ஸிகியூட்டபிள்ஸ்' என்றோ, எஃப்எஃப்எம்பெக்கில் 'கம்பைலர் டெஸ்ட் ஃபெயில்ட்' என்றோ வரும். திரையில் தெரிவது தீர்ப்பு மட்டும். காரணம் கன்ஃபிக் லாக்கில் இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக்குக்கு அந்த லாக் எஃப்எஃப்பில்ட் ஃபோல்டருக்குள் இருக்கும். மற்றவற்றில் லாக்கின் அடியில் வேரியபிள் பட்டியல்தான் கிடக்கும், அதனால் கீழேயிருந்து படிக்காதீர்கள். திரையில் வந்த அதே தீர்ப்பு வரியைத் தேடி, அதற்குச் சற்று மேலே இருக்கும் எர்ரரைப் படியுங்கள்.

கோப்பே இல்லை என்கிறதா? பாதையைச் சரிபாருங்கள். என்.டி.கே. இருக்கும் பாதையில் எங்கேயாவது இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸில் யூசர் பெயரை இரண்டு சொல்லாக வைத்திருப்பவர்கள் இதில்தான் விழுவார்கள். என்.டி.கே.யை நேராக சி டிரைவின் வேரிலேயே ஒரு சின்னப் பெயரில் வைத்துவிடுங்கள்.

பாதை சரி, அப்போதும் இல்லை என்கிறதா? கம்பைலரின் பெயரைப் பாருங்கள். இப்போதைய என்.டி.கே.யில் கம்பைலர் பெயரின் நடுவிலேயே லெவல் எண் ஒட்டியிருக்கும். 26ஆம் பதிப்பிலிருந்து 21க்குக் கீழே எதுவும் இல்லை, 16 என்ற எண் உள்ள பெயரைத் தேடினால் கிடைக்காது. 32 பிட் ஆர்முக்கு இன்னொரு கண்ணி உண்டு. கம்பைலரின் பெயர் 'ஆர்ம்வி7ஏ' என்று தொடங்கும். ஆனால் லைப்ரரி ஃபோல்டர்களின் பெயரில் வெறும் 'ஆர்ம்' மட்டும்தான். ஒன்றைப் பார்த்து இன்னொன்றை ஊகித்தால் தப்பாகிவிடும். பின் ஃபோல்டரைத் திறந்து, இருக்கும் பெயரை அப்படியே நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

ஜிசிசி என்ற கம்பைலரைத் தேடுகிறதா? நீங்கள் பின்பற்றுவது பழைய குறிப்பு. 2018இல் வந்த 18ஆம் பதிப்போடு ஜிசிசி போய்விட்டது, இப்போது க்ளாங் மட்டும்தான். 'ஸ்டாண்டலோன் டூல்செயின் உருவாக்குங்கள்' (டூல்செயின் என்றால் கம்பைலரும் அதன் துணைக் கருவிகளும் சேர்ந்த கட்டு) என்று ஒரு குறிப்பு ஆரம்பித்தால் அதை அங்கேயே மூடிவிடுங்கள். 19ஆம் பதிப்பிலிருந்து அந்தப் படியே தேவையில்லை.

ஏஆர், ஸ்ட்ரிப், ரான்லிப் என்ற லைப்ரரிக் கருவிகளில் ஒன்றைக் காணோமா? சிப் பெயரை முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் பழைய கருவிகளை 23ஆம் பதிப்பில் நீக்கிவிட்டார்கள். இப்போது எல்லாச் சிப்புக்கும் எல்எல்விஎம் என்று தொடங்கும் ஒரே செட்தான். ஏஆர், என்எம், ரான்லிப், ஸ்ட்ரிப் நான்கையும் வேரியபிளில் நீங்களே முழுப் பாதையோடு கொடுங்கள். எஃப்எஃப்எம்பெக்கில் கிராஸ் ப்ரிஃபிக்ஸ் (கருவிப் பெயர்களுக்கான முன்னொட்டு) ஆப்ஷனை மட்டும் நம்பினால் அது பழைய பெயர்களைத்தான் தேடும்.

'எக்ஸெக் ஃபார்மட் எர்ரர்' என்கிறதா? ராஸ்பெர்ரி பை போன்ற ஆர்ம் லினக்ஸில் உட்கார்ந்திருக்கிறீர்கள். லினக்ஸுக்கான அதிகாரப்பூர்வ என்.டி.கே. எக்ஸ்86-64 கணினிக்கு மட்டும்தான் வருகிறது. இதற்கு ஆப்ஷன் எதுவும் உதவாது, வேறு கணினிதான் வழி. ஆப்பிள் மேக்கில் எம் வகைச் சிப் இருந்தும் ஃபோல்டர் பெயரில் எக்ஸ்86-64 என்று இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெயர்தான் பழையது, 24ஆம் பதிப்பிலிருந்து உள்ளே இருப்பது இரண்டு சிப்புக்கும் பொது.

விண்டோஸில் எடிட் செய்த ஸ்கிரிப்ட்டை லினக்ஸில் ஓட்டி 'பேட் இன்டர்ப்ரிட்டர்' என்று வந்தால், வரி முடிவுக் குறியைத்தான் மாற்ற வேண்டும். டூல்செயினைத் தொடாதீர்கள்.

## அறிகுறி: லைப்ரரி இருக்கிறது, 'இல்லை' என்கிறது

ஃப்ரீடைப்பை நீங்களே பில்ட் செய்து ஒரு ஃபோல்டரில் இன்ஸ்டால் செய்திருப்பீர்கள். அடுத்த லைப்ரரியின் கன்ஃபிகர் வந்து 'ஃப்ரீடைப் எங்கே?' என்று கேட்கும். நான் அதிக நேரம் தொலைத்தது இந்த இடத்தில்தான்.

முதலில் பேக்கேஜ் கன்ஃபிக்கை, அதாவது லைப்ரரி எங்கே இருக்கிறது என்று சொல்லும் கருவியைப் பாருங்கள். எஃப்எஃப்எம்பெக்குக்குக் கிராஸ் ப்ரிஃபிக்ஸ் கொடுத்திருந்தால், அந்த முன்னொட்டோடு கூடிய பேக்கேஜ் கன்ஃபிக்கைத்தான் அது தேடும். அப்படி ஒன்று இருக்காது. கிடைக்கவில்லை என்று ஒரு எச்சரிக்கையை மட்டும் கடைசி வரியில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். அந்த வரியை யாரும் படிப்பதில்லை. பேக்கேஜ் கன்ஃபிக் என்ற ஆப்ஷனில் சாதாரணப் பெயரையே கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

அப்புறம், அது எந்த ஃபோல்டரில் தேடுகிறது என்று பாருங்கள். இதற்கு இரண்டு வேரியபிள்கள் உண்டு. 'பாத்' என்று முடிவது, உங்கள் ஃபோல்டரையும் சேர்த்துப் பார் என்று சொல்கிறது. 'லிப்டிர்' என்று முடிவதோ, உன் வழக்கமான இடங்களை மறந்துவிடு, இதை மட்டும் பார் என்று சொல்கிறது. போனுக்கு பில்ட் செய்யும்போது இரண்டாவதுதான் வேண்டும். முதலாவதைப் போட்டால், உங்கள் ஃபோல்டரில் ஏதாவது ஒன்று குறைந்தாலும் அது கணினியின் சொந்த லைப்ரரியை எடுத்துக்கொண்டு 'கிடைத்துவிட்டது' என்று சொல்லும். கன்ஃபிகர் சந்தோஷமாக முடியும். ஒரு மணி நேரம் கழித்து, கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் லிங்க் கட்டத்தில்தான் வெடிக்கும்.

சிமேக் என்ற பில்ட் கருவியில் இதே கதை தலைகீழ். என்.டி.கே.யின் டூல்செயின் கோப்பு கணினியின் ஃபோல்டர்களுக்குள் போகாதே என்று சிமேக்கைக் கட்டிப் போட்டுவிடும். நல்லதுதான். ஆனால் நீங்கள் பில்ட் செய்து வைத்த ஃபோல்டரும் அந்தக் கட்டுக்கு வெளியேதான் இருக்கும். ப்ரிஃபிக்ஸ் பாத் கொடுத்தும் கிடைக்கவில்லை என்றால் காரணம் இதுதான். உங்கள் ஃபோல்டரை 'ஃபைண்ட் ரூட் பாத்' என்ற வேரியபிளில் சேருங்கள். கட்டையே அவிழ்த்துவிடும் ஆப்ஷனும் இருக்கிறது. அதைப் போடாதீர்கள், கணினியின் சரக்கு மறுபடி உள்ளே வந்துவிடும்.

இன்னும் கிடைக்கவில்லையா? பில்ட் ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். டூல்செயின் கோப்பைச் சிமேக்கின் முதல் ஓட்டத்திலேயே கொடுத்தாக வேண்டும். முதலில் சும்மா ஓட்டிவிட்டு அப்புறம் சேர்த்தால், கேஷில் கணினியின் கம்பைலரே உட்கார்ந்திருக்கும்.

## அறிகுறி: கம்பைல் பாதியில் 'கில்ட்' என்று நிற்கிறது

ரேம் போதவில்லை. மேக் என்ற பில்ட் கட்டளைக்கு (ஆப்பிள் மேக் அல்ல) கொடுக்கும் ஜே எண்ணை, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்பதை, 2 ஆக்குங்கள். போதாவிட்டால் ஸ்வாப் (ரேமுக்கு உதவியாக டிஸ்கில் ஒதுக்கும் இடம்) சேருங்கள். ரேம் வாங்குவது அதற்கும் அப்புறம். மேக்ஃபைலில் 'மார்ச் நேட்டிவ்' என்று இருந்து க்ளாங் முறைத்தால், அந்த ஆப்ஷனை எடுத்துவிடுங்கள். அது கணினியின் சிப்புக்கானது.

## அறிகுறி: எல்லாம் கம்பைல் ஆகிறது, லிங்க் ஆகும்போது விழுகிறது

பிதிரெட் அல்லது ஆர்டி லைப்ரரியைக் காணோம். ஆண்ட்ராய்டின் சி லைப்ரரிக்குப் பயோனிக் என்று பெயர். பிதிரெட் அதற்குள்ளேயே இருக்கிறது, தனி லைப்ரரியாகக் கிடையாது. மேக்ஃபைலில் அந்த லிங்கர் ஆப்ஷனை நீக்கிவிட்டால் போதும். பத்து இடத்தில் இருக்கிறது, திருத்திக் கட்டுப்படியாகாது என்றால், அதே பெயரில் ஒரு காலி ஸ்டாட்டிக் லைப்ரரியை ஏஆர் கொண்டு உருவாக்கி உங்கள் லிப் ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். அசிங்கமான வேலைதான், ஆனால் பாதுகாப்பானது.

ஜிசிசி லைப்ரரியைக் காணோம். 23ஆம் பதிப்பில் அதையும் எடுத்துவிட்டார்கள். ரஸ்ட் மொழியின் பழைய கம்பைலரோடு புதிய என்.டி.கே.யைச் சேர்த்தால் இதுதான் வரும். ரஸ்டை 1.68க்கோ அதற்கு மேலேயோ கொண்டுபோங்கள். வேறு பில்ட் என்றால், அந்த லைப்ரரியை யார் கேட்கிறார்கள் என்று தேடி நீக்குங்கள்.

'ஆர்பிஎல் மல்லாக்' என்ற ஃபங்ஷன் இல்லை. இந்தப் பெயரை முதன்முதலில் பார்க்கும்போது யாருக்கும் தலைகால் புரியாது. நடந்தது இவ்வளவுதான்: மெமரி ஒதுக்கும் மல்லாக் சரியாக வேலை செய்கிறதா என்று கன்ஃபிகர் ஒரு குட்டி நிரலை ஓட்டிப் பார்க்க நினைத்தது. போனுக்கான நிரல் கணினியில் ஓடாது. சோதிக்க முடியாததால், 'சரியில்லை என்றே வைத்துக்கொள்வோம்' என்று முடிவு செய்து, தன் சொந்த மாற்று மல்லாக்கைத் தேடுகிறது. அந்தச் சோதனைக்கு நாமே பதில் சொல்லிவிடலாம். கன்ஃபிக் லாக்கின் அடிப்பகுதியில் 'மல்லாக்' என்று தேடினால் அந்த வேரியபிளின் முழுப் பெயர் கிடைக்கும். அதற்கு 'யெஸ்' என்று மதிப்புக் கொடுத்து எக்ஸ்போர்ட் செய்துவிட்டு, மறுபடி கன்ஃபிகர் ஓட்டுங்கள். ரியல்லாக்குக்கும் இதே மருந்து.

'இன்கம்பேட்டிபிள்' என்கிறது. வேறு சிப்பின் லைப்ரரி உள்ளே வந்துவிட்டது. துண்டுச் சீட்டை எடுங்கள், ஒவ்வொரு லைப்ரரியையும் யாருக்குப் பிறந்தவன் என்று கேளுங்கள். ஒரு சிப்புக்கு பில்ட் செய்துவிட்டு மேக் க்ளீன் போடாமல் அடுத்த சிப்புக்குப் போனதுதான் பெரும்பாலும் காரணம். சிப்புக்கு ஒரு பில்ட் ஃபோல்டர் வைத்துக்கொண்டால் இந்தப் பிழையை மறந்தே விடலாம்.

எஸ்டிடி என்று தொடங்கும் பெயர்கள் கிடைக்கவில்லை. சி++ கோப்புகளைச் சி கம்பைலரால் லிங்க் செய்திருக்கலாம். லிங்க் வரியில் க்ளாங்குக்குப் பதிலாக க்ளாங்++ போட்டுப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கையில் இருக்கும் ஒரு லைப்ரரி, 18ஆம் பதிப்போடு ஒழிந்த க்னூ எஸ்டிஎல் என்ற பழைய சி++ லைப்ரரி காலத்தில் பில்ட் ஆனது. என்.டி.கே.யின் புதிய சி++ லைப்ரரியில் அதே பெயர்களுக்குள் 'என்டிகே1' என்று ஒரு துண்டு இருக்கும், பழையதில் இருக்காது. இரண்டையும் ஒட்டவைக்க ஆப்ஷன் கிடையாது. மூல நிரல் கையில் இருந்தால் மறுபடி பில்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் கொடுத்தவரிடமே போங்கள்.

## அறிகுறி: பில்ட் முடிந்தது, ஆப் திறந்ததும் மூடுகிறது

லாக்கேட்டை (போனின் லாக்கைக் காட்டும் கருவி) திறந்து, 'டிஎல்ஓப்பன் ஃபெயில்ட்' என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியின் பின்பாதிதான் கிளை பிரியும் இடம்.

சி++ ஷேர்டு லைப்ரரி கிடைக்கவில்லை. ஆண்ட்ராய்டு அதைப் போனில் வைத்திருப்பதில்லை, ஆப்தான் கூடவே கொண்டுபோக வேண்டும். என்.டி.கே.யின் சிஸ்ரூட்டில் அந்தச் சிப்புக்கான ஃபோல்டரிலிருந்து எடுத்து, உங்கள் லைப்ரரி பக்கத்தில் வையுங்கள். ஆப்பில் மொத்தமே ஒரு சி++ லைப்ரரிதான் என்றால் ஸ்டாட்டிக்காகச் சேர்த்துவிடலாம். இரண்டு இருந்தால் அப்படிச் செய்யாதீர்கள்.

உங்கள் லைப்ரரியின் பெயரே, பின்னால் .1 அல்லது .6 ஒட்டி, கிடைக்கவில்லை என்கிறது. லினக்ஸ் வழக்கப்படி பெயரில் பதிப்பு எண் சேர்ந்துவிட்டது. ஆப்புக்குள் எடுத்து வைக்கும்போது எஸ்ஓ என்று முடியும் கோப்புகளை மட்டுமே ஆப்பைக் கட்டும் கருவியான கிரேடில் எடுக்கும், எண்ணோடு முடிவதை விட்டுவிடும். கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் போதாது, உள்ளே எழுதியிருக்கும் பெயரும் மாற வேண்டும். ரீட்எல்ஃப்பை மைனஸ் டி போட்டு ஓட்டினால் அந்தப் பெயர் தெரியும். லிப்டூலுக்கு 'அவாய்ட் வெர்ஷன்' ஆப்ஷன் கொடுத்து மறுபடி பில்ட் செய்யுங்கள். அவசரம் என்றால், கட்டி முடித்த கோப்பிலேயே அந்தப் பெயரை மாற்றும் பேட்ச்எல்ஃப் கருவி. எல்லாவற்றையும்விட எளிது, அதை ஸ்டாட்டிக்காக பில்ட் செய்துவிடுவது.

ஏதோ ஒரு சிம்பலை, அதாவது ஃபங்ஷன் பெயரை, காணவில்லை. அந்தப் பெயரைப் படியுங்கள். ஐகான்வ் என்றால் அது லெவல் 28இல்தான் பயோனிக்குக்கு வந்தது. கெட்இஃப்அட்ரஸ் 24இல். நீங்கள் 28க்கு பில்ட் செய்து, ஆண்ட்ராய்டு 8 போனில் ஓட்டுகிறீர்கள் என்று பொருள். என்.டி.கே.க்குக் கொடுக்கும் லெவலும் ஆப்பின் குறைந்தபட்ச லெவலும் ஒரே எண்ணாக இருக்கட்டும். அப்படி வைத்தால் இதே தப்பு போனில் வராமல் கம்பைலிலேயே வந்துவிடும். அப்போது ஐகான்வை நீங்களே தனியாக பில்ட் செய்து சேர்க்கலாம், அல்லது பழைய போன்களைக் கைவிடலாம். இரண்டாவதை முடிவு செய்ய வேண்டியவர் ஆப்பின் சொந்தக்காரர். நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள்.

'64 பிட்டுக்குப் பதில் 32 பிட்' என்கிறது, அல்லது 'இ மெஷின்' என்று ஒரு எண் வருகிறது. எண்கள் இவை: 183 என்றால் ஆர்ம் 64, 40 என்றால் ஆர்ம் 32, 62 என்றால் எக்ஸ்86-64, 3 என்றால் எக்ஸ்86. தவறான ஃபோல்டரில் தவறான கோப்பு. சிமேக்குக்குச் சிப் வகையைச் சொல்லாமல் விட்டால் அது தானாகவே 32 பிட் வி7ஏ என்று எடுத்துக்கொள்ளும். இது பலருக்குத் தெரிவதில்லை.

லைப்ரரி ஆப்புக்குள் இருக்கிறது, கண்ணால் பார்த்தேன், ஆனாலும் இல்லை என்கிறது. ஒருமுறை இதில் ஒரு முழு நாள் போனது. ஆப்பில் எங்கள் லைப்ரரி ஆர்ம் 64, வி7ஏ இரண்டுக்கும் இருந்தது. வெளியிலிருந்து வாங்கிய இன்னொரு லைப்ரரி வி7ஏக்கு மட்டும் இருந்தது. நாங்கள் 64 பிட் சேர்க்கும்வரை எல்லாம் ஓடியது, சேர்த்த அன்று அந்த வாங்கிய லைப்ரரி காணாமல் போனது. ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும்போது ஒரே ஒரு சிப் ஃபோல்டரைத்தான் தேர்ந்தெடுக்கும். ஆர்ம் 64 ஃபோல்டரில் ஒரே ஒரு கோப்பு இருந்தாலும் அதுதான் தேர்வு. அப்புறம் வி7ஏ பக்கம் திரும்பியே பார்க்காது. ஏபிகே கோப்பு ஒரு ஜிப்தான். அன்ஜிப்பை மைனஸ் எல் போட்டு ஓட்டி, லிப் ஃபோல்டரில் ஒவ்வொரு சிப்புக்குக் கீழும் அதே பட்டியல் இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணுங்கள். நாங்கள் கடைசியில், விற்றவரிடமிருந்து 64 பிட் வரும்வரை எங்கள் ஆர்ம் 64ஐத் தற்காலிகமாக எடுத்தோம். பிளே ஸ்டோருக்குப் போகும் ஆப் என்றால் அந்த வழியும் இல்லை, 2019 ஆகஸ்டிலிருந்து அங்கே 64 பிட் கட்டாயம்.

'டெக்ஸ்ட் ரீலொகேஷன்' என்கிறது. 32 பிட் எக்ஸ்86க்கு எஃப்எஃப்எம்பெக் பில்ட் செய்தால் வரும். அந்தச் சிப்புக்கு மட்டும் அசெம்ப்ளியை (சிப்பின் மொழியிலேயே கையால் எழுதிய நிரல்) நிறுத்தும் ஆப்ஷனைப் போடுங்கள். அல்லது அந்தச் சிப்பே உங்களுக்குத் தேவையா என்று யோசியுங்கள்.

'நேம்ஸ்பேஸில் அணுக முடியாது' என்கிறது. போனுக்குள் இருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் வகை லைப்ரரியை நம்பி லிங்க் செய்திருக்கிறீர்கள். ஆண்ட்ராய்டு 7.0 அதற்குக் கதவைச் சாத்திவிட்டது. சொந்தமாக பில்ட் செய்து கொண்டுபோங்கள்.

## அறிகுறி: ஏடிபி வழியாக ஓட்டினால் 'பெர்மிஷன் டினைட்'

ஏடிபி என்பது கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி. எஸ்டிகார்டில் வைத்து ஓட்டுகிறீர்களா? அங்கே எதையும் ஓட்ட அனுமதி இல்லை. டேட்டா, லோக்கல், டெம்ப் என்று போகும் ஃபோல்டரில் வைத்து, சிஹெச்மாட் போட்டு ஓட்டுங்கள். அங்கே ஓடுவது ஆப்புக்குள் போனதும் மறுக்கப்பட்டால், ஆப்பின் டார்கெட் லெவல் 29 அல்லது அதற்கு மேல் என்று பொருள். ஆப் தன் சொந்த டேட்டா ஃபோல்டரில் எழுதிய கோப்பை ஓட்டுவதை ஆண்ட்ராய்டு 10 தடுத்துவிட்டது. அந்த நிரலுக்கு லைப்ரரி போலப் பெயர் வைத்து, லைப்ரரிகள் இருக்கும் இடத்திலிருந்து ஓட்ட வேண்டும். 'பிஐஇ மட்டும்தான்' என்று மறுத்தால் பில்ட் ஆப்ஷன் பழையது, லெவல் 21இலிருந்து பிஐஇ (மெமரியில் எங்கே வைத்தாலும் ஓடும் நிரல்) கட்டாயம்.

## அறிகுறி: எமுலேட்டரில் சரி, போனில் மட்டும் தவறு

டூல்செயின் சரியாக இருந்தும் வருகிற பிழை இது. ஆகவே கன்ஃபிகரைப் போட்டுக் குடைவதில் பயனில்லை.

எனக்கு வந்த வேலை ஒன்று: பாட்டுக் கோப்புகளைப் பட்டியலிடும் ஒரு சி லைப்ரரி. ஆங்கிலப் பெயர் கொண்ட கோப்பெல்லாம் போனில் வருகிறது. தமிழில் பெயர் வைத்தவை மட்டும் குப்பையாகத் தெரிகின்றன. எக்ஸ்86-64 எமுலேட்டரில் இரண்டுமே சரி. நிரலைத் திறந்தால், கேர் வகை வேரியபிள் ஒன்றில் ஒரு பைட்டை வாங்கி, அது பூஜ்யத்தைவிடக் குறைவு என்றால் ஆங்கிலம் அல்லாத எழுத்து என்று முடிவு செய்கிறார்கள். 'க' என்ற எழுத்து யூடிஎஃப்-8இல் 224, 174, 149 என்று மூன்று பைட். எக்ஸ்86இல் கேர் குறி (பிளஸ், மைனஸ்) உள்ள வகை, அதனால் அது −32, −82, −107 ஆகத் தெரியும். மூன்றும் பூஜ்யத்துக்குக் கீழே, சோதனை பலிக்கும். ஆண்ட்ராய்டின் ஆர்மில் கேர் குறியில்லாதது. 224 எப்போதும் 224தான், பூஜ்யத்துக்குக் கீழே போகவே போகாது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று தனி எழுத்தாகச் சிதறியது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். 'சைன்ட் கேர்' ஆப்ஷனைச் சேர்த்து மறுபடி பில்ட் செய்யுங்கள். பிழை போய்விட்டால் காரணம் இதுதான். நிரலைத் திருத்தும்வரை அந்த ஆப்ஷனை வைத்துக்கொள்ளலாம். கோப்பைப் படிக்கும் லூப் முடிவே இல்லாமல் சுற்றுவதும் இதன் தம்பிதான். கோப்பு முடிந்ததற்கான −1, குறியில்லாத கேரில் 255 ஆகிவிடும், ஒப்பீடு என்றைக்கும் பொருந்தாது.

கிராஷ் ஆகி 'சிக்இல்' அல்லது 'சிக்ட்ராப்' வருகிறதா? மதிப்புத் திருப்ப வேண்டிய சி++ ஃபங்ஷன் ஒன்றில் ரிட்டர்ன் விட்டுப்போயிருக்கலாம். ஜிசிசியில் நொண்டி நொண்டி ஓடும் இந்தத் தப்பை க்ளாங் பொறுக்காது. 'ரிட்டர்ன் டைப்' எச்சரிக்கையை எர்ரராக மாற்றி பில்ட் செய்தால், விட்டுப்போன வரிகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

வெறும் 'சிக்செக்வி' என்றால், ஸ்ட்ரிப் செய்யாத லைப்ரரியை எடுத்துவைத்துக்கொண்டு, லாக்கேட்டை என்டிகே ஸ்டாக் என்ற கருவிக்குக் கொடுங்கள். எந்தக் கோப்பு, எந்த வரி என்று சொல்லும். அந்த வரி உங்கள் நிரலில் இருந்தால் உங்கள் வேலை. மற்றவர் எழுதிய அசெம்ப்ளிக்குள் இருந்தால், அசெம்ப்ளியை நிறுத்தி ஒருமுறை பில்ட் செய்து பாருங்கள். கிராஷ் நின்றுவிட்டால் அத்தோடு உங்கள் பங்கு முடிந்தது.

## அறிகுறி: பிளே ஸ்டோர் '16 கேபி' என்று திருப்பி அனுப்புகிறது

ஆண்ட்ராய்டு 15 தொடங்கி, சில போன்களில் மெமரி பக்கத்தின் அளவு 4 கேபியிலிருந்து 16 கேபி ஆகலாம். ஆண்ட்ராய்டு 15ஐயோ அதற்கு மேலானதையோ டார்கெட் செய்யும் ஆப்கள் அதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 1 முதல் பிளே ஸ்டோர் கேட்கிறது.

ரீட்எல்ஃப்பை மைனஸ் எல் போட்டு ஓட்டி, 'லோட்' என்று தொடங்கும் வரிகளின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். ஹெக்ஸில் 4000 என்றால் சரி, 1000 என்றால் மறுபடி பில்ட். 64 பிட் லைப்ரரிகளை மட்டும் பார்த்தால் போதும்.

மலிவான வழி, என்.டி.கே.யை 28ஆம் பதிப்புக்கு மாற்றி பில்ட் செய்வது. அதில் 16 கேபி தானாகவே வரும். மாற்ற முடியாதவர்கள் லிங்கருக்கு 'மேக்ஸ் பேஜ் சைஸ் 16384' என்ற ஆப்ஷனைக் கொடுக்கலாம். 27ஆம் பதிப்பில் சிமேக்குக்கு 'ஃப்ளெக்சிபிள் பேஜ் சைஸ்' என்று தனி ஆப்ஷனே இருக்கிறது. அப்புறம் நிரலுக்குள் எங்கேயாவது 4096 என்று கையால் எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். எம்மேப் (கோப்பை மெமரியில் விரிக்கும் அழைப்பு) வரும் இடத்தில் அப்படி இருந்தால் அலைன்மென்ட் சரியாக இருந்தும் போனில் விழும்.

விலை கொடுத்து வாங்கிய, மூல நிரல் இல்லாத எஸ்ஓ கோப்பில் 1000 என்று வந்தால், நீங்கள் செய்ய எதுவும் இல்லை. ஹெக்ஸ் எடிட்டரில் அந்த எண்ணை மட்டும் மாற்றிப் பார்க்க ஒருவர் கேட்டார். எண் மாறும், உள்ளே இருக்கும் இடமாற்றங்கள் மாறாது, லோட் ஆகும்போதே விழும். விற்றவரிடம் புதிய பதிப்புக் கேளுங்கள். உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்வார்கள், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

## அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, தமிழ் எழுத்து மட்டும் உடைகிறது

வீடியோ மேல் எழுதும்போது 'கொ' என்பதில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் தனித்தனியே நிற்கும், அல்லது புள்ளி வட்டம் தெரியும். ஃபான்ட்டை மாற்றிப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. ஃபான்ட்டில் தப்பு இருப்பது அபூர்வம். கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோகிற வேலையை ஹார்ஃப்பஸ் செய்கிறது. ஃப்ரீடைப் எழுத்தை வரையும், அவ்வளவே. ஹார்ஃப்பஸ் இல்லாமல் பில்ட் ஆன லைப்ரரி ஆங்கிலத்தை அழகாக எழுதும், தமிழைச் சிதைக்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர்கள் கண்ணில் இது படவே படாது.

கன்ஃபிகர் முடிவில் வரும் சுருக்கத்தில் ஹார்ஃப்பஸ் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் பெரும்பாலும் மேலே சொன்ன பேக்கேஜ் கன்ஃபிக் கதைதான், அங்கே போய்த் திருத்துங்கள். எஃப்எஃப்எம்பெக் 6.1இலிருந்து ஹார்ஃப்பஸ் இல்லாவிட்டால், வீடியோ மேல் எழுதும் டிராடெக்ஸ்ட் ஃபில்டரே பில்ட்டில் சேராது, 'அப்படி ஒரு ஃபில்டர் இல்லை' என்று சொல்லிவிடும். ஒருவகையில் உபகாரம், உடைந்த தமிழ் வெளியே போகாது.

## எப்போது வேறு கையில் கொடுப்பது

கன்ஃபிகர், லிங்க் கட்டத்துப் பிழைகளுக்கு நான் வைத்திருக்கும் கெடு ஒரு நாள். அதற்குள் சிப், லெவல், பதிப்பு மூன்றும் பொருந்தியும் தீராவிட்டால், அந்த லைப்ரரியைப் பராமரிப்பவர்களிடம் கேட்பேன். மூல நிரல் இல்லாத எஸ்ஓ கோப்பு, அசெம்ப்ளிக்குள் கிராஷ், ஒரே ஒரு கம்பெனி போனில் மட்டும் கிராஷ் என்ற மூன்றில் எதுவானாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். போன் கம்பெனி விஷயம் என்றால் அதே மாடலைக் கையில் வைத்திருக்கும் நேட்டிவ் டெவலப்பரைத் தேடிப் பிடியுங்கள்.

கொடுக்கும்போது துண்டுச் சீட்டு, கன்ஃபிக் லாக் முழுவதும், கிராஷ் என்றால் ஸ்ட்ரிப் செய்யாத லைப்ரரி, லாக்கேட் கோப்பு ஆகியவற்றை ஒரே ஜிப்பில் போட்டு அனுப்புங்கள். திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். படத்தில் எப்போதும் கடைசி எர்ரர்தான் இருக்கும், எனக்கு வேண்டியது முதல் எர்ரர்.